அந்த மூன்றாவது பத்தியை எடுத்துவிடுங்கள்: டாலஸ் வடக்குப் புறநகர்த் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்கா, அண்ணா, தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். நம் பகுதிப் பெற்றோர் வாட்ஸ்ஆப் குழுவில் போன செவ்வாய் இரவிலிருந்து ஒரு மனு சுற்றிக்கொண்டிருக்கிறது. நம் பகுதிப் பள்ளிகளை நடத்துகிற டிஸ்ட்ரிக்ட் போட்டிருக்கும் புதிய எல்லைக் கோட்டின்படி நம் தெருக்கள் எல்லாம் வேறொரு ஹைஸ்கூலுக்குப் போகின்றன, அதை நிறுத்தச் சொல்லி டிஸ்ட்ரிக்ட்டின் போர்டிடம் கொடுக்கப்போகிற மனு. நூற்றுக்கும் மேல் கையெழுத்து விழுந்திருப்பதை நேற்று பார்த்தேன். என் பெயர் அதில் இல்லை. ஏன் இல்லை என்று மூன்று பேர் தனியாகக் கேட்டுவிட்டார்கள், அதில் ஒருவர் என் சின்னவனை ஒன்றாம் வகுப்பிலிருந்து கார்பூலில் கூட்டிக்கொண்டு போனவர், அவருக்கு ஒரு வரியில் பதில் போட்டுத் தப்பிக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் எல்லோருக்குமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனுவில் ஐந்து பத்திகள் இருக்கின்றன. நெடுஞ்சாலையைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும், காலை நேர நெரிசலில் பதினைந்து நிமிடம் கூடும் என்கிறது முதல் பத்தி. சரி. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையைப் பாதியில் பிடுங்கி வேறு பள்ளியில் நடாதீர்கள், இருக்கிற இடத்திலேயே முடிக்க விடுங்கள் என்கிறது இரண்டாவது. நூற்றுக்கு நூறு சரி, அதற்கு நானும் வந்து மைக்கில் பேசுவேன். நான்காவதும் ஐந்தாவதும் கால அவகாசம் பற்றி. எனக்குப் பிரச்சினை மூன்றாவது பத்தியில். அந்தப் பள்ளியில் பொருளாதாரத்தில் பின்தங்கிய மாணவர்களின் சதவீதம் அதிகம், அதனால் நம் பிள்ளைகளின் சக மாணவர்களின் தரம் குறையும், கல்லூரி வாய்ப்பும் எதிர்காலமும் பாதிக்கப்படும் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல ஆங்கிலத்தில், மரியாதையான சொற்களில்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் காபி குடித்துக்கொண்டு நாம் இதையே எப்படிச் சொல்வோம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "அந்த ஸ்கூல்ல க்ரவுட் சரியில்லக்கா."

போன மாதம் போர்டு கூட்டத்துக்கு உங்களில் சிலர் வந்திருந்தீர்கள். ஆரம்பத்தில் பரிசு வாங்கிய மாணவர்களைக் கூப்பிட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள் அல்லவா, அதில் மூன்று பேர் அந்தப் பள்ளியின் பேண்ட் குழுப் பிள்ளைகள். சான்றிதழ் வாங்கியதும் கிளம்பிப் போகாமல் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார்கள், கடைசிப் பிள்ளையின் அம்மா வேலை முடிந்து வந்து கூட்டிப் போக வேண்டும் போலிருக்கிறது. அப்புறம் பொதுமக்கள் பேசும் நேரம் வந்தது. நம் தம்பி ஒருவர் எழுந்து, தயாரித்து வந்த தாளைப் பார்த்து, சக மாணவர்களின் தரம் என்ற அந்த வார்த்தையை இரண்டு நிமிடத்தில் நான்கு முறை சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. எங்கள் வீட்டில் மழையில் வேலி விழுந்தபோது முதலில் ஓடி வந்தவர் அவர்தான். ஆனால் அந்த மூன்று பிள்ளைகளில் ஒருத்தி கையிலிருந்த சான்றிதழை மடியில் கவிழ்த்து வைத்தாள். அதை நான் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

ஏன் இவ்வளவு பாதிக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்றைய அரியலூர் மாவட்டத்தில், ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு முந்திரிக்காட்டு ஊர் எனக்கு. அரசுப் பள்ளி, தமிழ் வழி. 1982ல் எம்.ஜி.ஆர். கிராமப் பள்ளிகளுக்குச் சத்துணவு கொண்டுவந்தார், அடுத்த வருடம் நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தேன், ஆகவே அந்தத் தட்டோடு வளர்ந்த முதல் கூட்டத்தில் நானும் ஒருத்தி. அப்புறம் பொறியியல் கல்லூரி, விடுதி. என் அறைத்தோழி நாமக்கல் பக்கம் பெரிய விடுதிப் பள்ளியில் படித்தவள். அன்றைக்கு நாமக்கல் என்றால் மார்க், மார்க் என்றால் நாமக்கல், தமிழ்நாடு முழுக்க இருந்து நிலத்தை அடகு வைத்தாவது பிள்ளையை அங்கே கொண்டுபோய் விடுவார்கள், அதுதான் நம் ஊரின் "நல்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்". முதல் வாரமே அவள் அம்மா வந்து, எந்தப் பள்ளி என்று என்னைக் கேட்டார், சொன்னேன். மறுநாள் வார்டனிடம் போய் மகளுக்கு வேறு அறை வாங்கிவிட்டார். "படிக்கிற பசங்களோட இருந்தாத்தான் இவளும் படிப்பா" என்று அவர் சொன்னது கதவுக்கு வெளியே நின்ற என் காதில் விழுந்தது. என் தரம் என்ன என்று அவர் பார்க்கவில்லை. பள்ளியின் பெயர் போதுமாக இருந்தது.

அந்த அம்மா சொன்னதைத்தான் நாம் மூன்றாவது பத்தியில் எழுதியிருக்கிறோம்.

டெக்சஸில் "பொருளாதாரத்தில் பின்தங்கிய" என்ற அந்தச் சதவீதம் எதை எண்ணுகிறது தெரியுமா? பெரும்பாலும், இலவசமாகவோ சலுகை விலையிலோ மதிய உணவு சாப்பிடத் தகுதியுள்ள பிள்ளைகளை. நம் பாஷையில் சொன்னால் சத்துணவு சாப்பிடுகிற பிள்ளைகளை. நம் குழுவில் இருப்பவர்களில் எத்தனை பேர் அந்தத் தட்டில் சாப்பிட்டவர்கள், எத்தனை பேரின் அப்பா அம்மா சாப்பிட்டவர்கள்? நான் பெயர் சொல்லப்போவதில்லை, உங்களுக்கே தெரியும். இன்னொன்றும் சொல்கிறேன். அரியலூர் என்றால் வெகுகாலம் தேர்ச்சிப் பட்டியலின் பின்வரிசைதான், கல்வியில் பின்தங்கிய மாவட்டம் என்பது எங்கள் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட அடைமொழி. 2024ல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் மாநிலத்திலேயே முதல் மாவட்டம் அரியலூர். 2025ல் பிளஸ் டூவிலும் முதலிடம். தேர்ச்சி விகிதம் மட்டுமே கல்வியாகிவிடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பின்வரிசை என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகளின் பேரன் பேத்தி வயதுக்காரர்கள்தான் இவர்கள், அதே முந்திரிக்காடு, அதே சிமென்ட் ஆலைப் புழுதி.

சரி, ரேட்டிங்குக்கு வருவோம். வீடு தேடும்போது ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே பள்ளியின் பெயரும் பத்துக்கு இத்தனை என்ற எண்ணும் வரும். 2016ல் நாங்கள் வீடு வாங்கும்போது நானும் அந்த எண்ணைத்தான் முதலில் பார்த்தேன், எட்டுக்குக் கீழே இருந்தால் சமையலறை எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே போகவில்லை. அன்று அந்த எண்ணில் பெரும் பங்கு தேர்வு மதிப்பெண். தேர்வு மதிப்பெண்ணில் பெரும் பங்கு வீட்டு வசதி. இது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததல்ல, 1966ல் அமெரிக்க அரசுக்காக ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் குழு 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து சொன்னது, பிள்ளைகளுக்கிடையே மதிப்பெண் வித்தியாசம் வருவதற்குப் பள்ளியைவிடக் குடும்பப் பின்னணிதான் பெரிய காரணம் என்று. அதாவது நாம் பார்க்கிற அந்த 9, அந்த 10, பெரும்பாலும் அப்பா அம்மாவின் படிப்பும் சம்பளமும்தான். சனிக்கிழமை கணக்கு டியூஷனும் கோடைக் கால கோடிங் முகாமும் சேர்ந்து பள்ளியின் பெயரில் வருகிறது. ஆசிரியர் எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்தார் என்பது அந்த ஒற்றை எண்ணைப் பார்த்தால் தனியாகத் தெரியாது.

அதைத் தனியாகப் பார்க்க வழி இருக்கிறது. ஒரு பிள்ளை எந்த இடத்திலிருந்து தொடங்கி ஒரு வருடத்தில் எவ்வளவு முன்னேறினாள் என்று பார்ப்பது. ஸ்டான்ஃபோர்டில் ஷான் ரியர்டன் என்ற பேராசிரியர் நாட்டின் எல்லா டிஸ்ட்ரிக்ட்டுகளின் மதிப்பெண்களையும் அப்படி வைத்துப் பார்த்தார். சிகாகோ பொதுப் பள்ளிகள் என்றால் நம்மில் பலர் அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டோம், கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகள்தான் அங்கே மிக அதிகம், ஏழ்மையும் அதிகம். அங்கே 2009க்கும் 2014க்கும் இடையில் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகள் ஐந்து வருடத்தில் ஆறு வருடப் படிப்பைப் படித்திருக்கிறார்கள். நாட்டின் பெரிய டிஸ்ட்ரிக்ட்டுகளில் அதுதான் மிக வேகமான வளர்ச்சிகளில் ஒன்று. டெக்சஸிலும் மாநிலக் கல்வித் துறை கொடுக்கிற ஏ முதல் எஃப் வரையான கிரேடுக்குள்ளே மாணவர் முன்னேற்றத்தைக் காட்டுகிற தனிப் பகுதி இருக்கிறது. மாநிலத்தின் தளத்தில் பள்ளிப் பெயரைப் போட்டால் வந்துவிடும், காசு கிடையாது. மனு எழுதுவதற்கு முன்னால் அந்தப் பள்ளிக்கும் நம் பள்ளிக்கும் அந்தப் பகுதியை யாராவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோமா? நானும் பார்க்கவில்லை, மனு வந்த பிறகுதான் பார்த்தேன். என்ன இருக்கிறது என்று நான் சொன்னால் நான் கட்சி கட்டுவதாகிவிடும், நீங்களே பாருங்கள்.

இன்னொன்று யோசியுங்கள். இன்று நாம் தலையில் தூக்கிவைத்துப் பேசுகிற, டாலஸுக்கு வடக்கே இருக்கிற ஃப்ரிஸ்கோ நகரில் 1990 கணக்கெடுப்பின்போது ஆறாயிரம் பேர்தான் இருந்தார்கள். 2020ல் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். 2003 வரை அந்த டிஸ்ட்ரிக்ட்டில் ஒரே ஒரு ஹைஸ்கூல், இன்று பன்னிரண்டு. அங்கே மண்ணில் எதுவும் புதைந்து கிடக்கவில்லை. கம்பெனிகள் வந்தன, படித்த பெற்றோர் வந்தார்கள், பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள், எண் ஏறியது. நாம் போகிற இடத்துக்கு அந்த எண்ணும் நம் பின்னாலேயே வரும். அப்படி இருக்க, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் போனதும் நம் பிள்ளைகள் வேறு பிள்ளைகளாகிவிடுவார்கள் என்று ஏன் நடுங்குகிறோம்?

வீட்டு விலை என்று சொல்வீர்கள். அது உண்மை, மறுக்க மாட்டேன். 1999ல் சாண்ட்ரா பிளாக் என்ற பொருளியலாளர் மாசசூசெட்ஸில் எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற வீடுகளை ஒப்பிட்டு, தொடக்கப் பள்ளியின் மதிப்பெண் 5 சதவீதம் கூடினால் வீட்டுக்கு 2.5 சதவீதம் அதிகம் கொடுக்கப் பெற்றோர் தயாராக இருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டார். முப்பது வருடக் கடன் வாங்கியிருக்கிறோம், பயம் வரத்தான் செய்யும், எனக்கும் வருகிறது. ஆனால் அது விலையைப் பற்றிய பயம் என்றால் அப்படியே எழுதுங்கள். எங்கள் வீட்டு மதிப்பு குறையும் என்று கவலைப்படுகிறோம் என்று எழுதினால் போர்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது புரியும். அதை எழுதக் கூச்சப்பட்டு, பழியை யாரோ ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் தரத்தின் மேல் போடுவது நியாயமில்லை.

இவ்வளவு ப்ராபர்ட்டி டாக்ஸ் கட்டுகிறோமே என்ற வாதமும் குழுவில் ஓடுகிறது. அதற்கு டெக்சஸிலேயே ஒரு பழைய பதில் இருக்கிறது. சான் அன்டோனியோவில் எட்ஜ்வுட் என்ற டிஸ்ட்ரிக்ட், மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் நிறைந்தது. பள்ளிக் கட்டடங்கள் இடிந்து கிடந்தன, தகுதிச் சான்று இல்லாத ஆசிரியர்கள் அதிகம். 1968ல் மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள், டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற தொழிலாளியும் மற்ற பெற்றோரும் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கில் வந்த கணக்கைக் கேளுங்கள். 1967-68ல் எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள், அதிலிருந்து ஒரு மாணவருக்கு 26 டாலர் கிடைத்தது. பக்கத்திலிருந்த வசதியான அலமோ ஹைட்ஸில் 85 சென்ட்தான் கட்டினார்கள், ஒரு மாணவருக்கு 333 டாலர் கிடைத்தது. அதிகம் கட்டியவர்கள் ஏழைகள். 1973ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்று தோற்றார்கள், விடாமல் மாநில நீதிமன்றத்தில் போராடினார்கள், அதன் தொடர்ச்சியாகத்தான் சொத்து அதிகமுள்ள டிஸ்ட்ரிக்ட்டின் வரியில் ஒரு பகுதியை மாநிலம் எடுத்துக்கொள்ளும் சட்டம் 1993ல் வந்தது. ராபின் ஹூட் என்று நாம் திட்டுகிறோமே, அது இதுதான். வரி கட்டினால் சக மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் சேர்ந்து வரும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

இப்போது கல்லூரி. இதில் நான் பட்டதைச் சொல்கிறேன், ஏனென்றால் மூன்றாவது பத்தி எழுதியவர்களின் பிள்ளைகள் இன்னும் மிடில் ஸ்கூலில்தான் இருக்கிறார்கள், என் பெரியவள் இதைத் தாண்டி வந்துவிட்டாள்.

டெக்சஸில் 1997ல் ஒரு சட்டம் போட்டார்கள். கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைப் பார்க்கக் கூடாது என்று அதற்கு முந்தைய வருடம் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது, அதற்குப் பதிலாக வந்த வழி இது. மாநிலத்தின் எந்த ஹைஸ்கூலாக இருந்தாலும் வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தால் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகமான யூடி ஆஸ்டினுக்கு மட்டும் கூட்டம் தாங்காமல் 2009ல் விதியை இறுக்கினார்கள், முதல் 6 சதவீதம் என்று பல வருடம் ஓடி, 2026 சேர்க்கையிலிருந்து முதல் 5 சதவீதம் என்று ஆகிவிட்டது. ஃப்ரிஸ்கோவோ, எல்லையோரச் சிற்றூரோ, தெற்கு டாலஸோ, அந்தந்தப் பள்ளியின் முதல் 5 சதவீதம்தான். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீதம் 2020ல் கொடுத்தபோது நம்மில் எவ்வளவு பேர் கண்ணீரோடு பகிர்ந்தோம்! இங்கே வழிமுறை வேறு, ஆனால் நினைப்பு பக்கத்தில்தான் இருக்கிறது: எங்கே நின்று ஓடினாய் என்பதையும் சேர்த்துப் பார்ப்பது.

நாங்கள் இதைப் படிக்காமலேயே பத்துக்குப் பத்துப் பள்ளி என்று வீடு வாங்கினோம். என் மகள் வகுப்பில் 640 பேர். அப்போதைய 6 சதவீதக் கணக்கில் 38 பேர். அவள் ரேங்க் 71. பி கிரேடு கூட அதிகம் வாங்காத பிள்ளை அவள், ஜிபிஏ என்கிற சராசரி மதிப்பெண்ணின் மூன்றாவது தசம இடத்தில் சண்டை. ஆறாம் வகுப்பிலிருந்து வயோலா வாசித்தவள். ஆர்கெஸ்ட்ராவுக்கு ஏபி என்கிற கல்லூரித் தர வகுப்பைப் போலக் கூடுதல் வெயிட் கிடையாது, எடுத்தால் ஜிபிஏ இறங்கும் என்று அவள் தோழிகள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள், பத்தாம் வகுப்பில் விட்டுவிட்டாள். நான் தடுக்கவில்லை. தடுக்கவில்லை என்பது மட்டுமல்ல, நல்ல முடிவு என்று சொன்னேன். அந்த வயோலா இன்னும் அலமாரி மேலே இருக்கிறது. பதினோராம் வகுப்பில் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்குக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள், சத்தம் கேட்கக் கூடாதென்று. நம் குழுவில் இப்படி இரவுகளைப் பார்த்தவர்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறீர்கள். வெளியில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இதைக் கேட்டுவிட்டு, அப்போ அந்த ஸ்கூலுக்குப் போனால் ரேங்க் சுலபமாக வந்துவிடும் என்று தயவுசெய்து கணக்குப் போடாதீர்கள். அதுவும் அந்தப் பிள்ளைகளை மட்டம் தட்டுவதுதான். அங்கே முதல் வரிசையில் நிற்கிற பிள்ளைகளில் சாயங்காலம் கடையில் வேலை பார்த்துவிட்டு வந்து படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், நம் பிள்ளைகள் அவர்களை அவ்வளவு லேசாகத் தாண்டிவிட முடியாது. நான் சொல்வது இதுதான்: கல்லூரி வாய்ப்பு பாதிக்கும் என்று மனுவில் போட்டிருப்பதற்கு இந்த மாநிலத்தின் சேர்க்கைச் சட்டத்திலேயே ஆதாரம் இல்லை. இடம் உறுதி என்பது பல்கலைக்கழகத்துக்குத்தான், கேட்கிற பாடப்பிரிவுக்கு இல்லை என்பதும் உண்மை. கம்ப்யூட்டர் சயின்ஸ், பிசினஸ் எல்லாம் தனிப் போட்டி. அந்தப் போட்டியிலும் நம் பள்ளியின் பெயரைப் பார்த்து யாரும் கதவைத் திறந்துவிடவில்லை.

மகள் யூடி டாலஸில் சேர்ந்தாள், இப்போது கடைசி வருடம். வீட்டிலிருந்து இருபது நிமிடம். முதல் வருடம் எனக்குத்தான் வெட்கமாக இருந்தது, ஆஸ்டின் கிடைக்கவில்லையா என்று கேட்கிறவர்களிடம் பேச்சை மாற்றுவேன், அதற்காக அவளிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன். போன கோடையில் இன்டர்ன்ஷிப் போன இடத்தில் அவளுக்குப் பக்கத்து மேஜை டாலஸின் ஓக் கிளிஃப் பகுதிப் பள்ளியிலிருந்து முதல் சில ரேங்க்குக்குள் வந்து யூடி ஆஸ்டின் போன பெண். அவள் அம்மா ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்கிறவர். இரண்டு பேருக்கும் ஒரே சம்பளம், ஒரே வேலை. அந்தப் பெண்தான் என் மகளுக்கு வேலையை எப்படிக் கேட்டு வாங்குவது, மேனேஜரிடம் எப்படி நேராகப் பேசுவது என்று சொல்லிக்கொடுத்தாளாம். பதினொரு ஏபி வகுப்பு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

வேலை, சம்பளம் பற்றி ஆராய்ச்சியும் இருக்கிறது. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இருவர் 2002ல் வெளியிட்டது: ஒரே மாதிரிக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்த, ஒரே தகுதியுள்ள பிள்ளைகளில், மிகப் பெரிய பெயருள்ள கல்லூரிக்குப் போனவர்களும் போகாதவர்களும் பிற்காலத்தில் ஏறக்குறைய ஒரே அளவுதான் சம்பாதித்தார்கள். விதிவிலக்கு ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள், அவர்களுக்குப் பெரிய கல்லூரி நிஜமாகவே தூக்கிவிட்டது. மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: 2023ல் ராஜ் செட்டி குழு சொன்னது, ஐவி போன்ற உச்சிக் கல்லூரிகள் சராசரிச் சம்பளத்தைப் பெரிதாக மாற்றுவதில்லை, ஆனால் நாட்டின் மேல் 1 சதவீதச் சம்பளக்காரர்களுக்குள் நுழையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. அந்த 1 சதவீதம்தான் லட்சியம் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் வீட்டு விஷயம். ஆனால் பிள்ளை நல்ல வேலையில் நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதுதான் ஆசையென்றால், நம் பிள்ளைகள் எந்தப் பக்கத்துப் பள்ளிக்குப் போனாலும் அது நடக்கும். எப்படியாவது கரையேறிவிடுகிற பிள்ளைகள் அவர்கள்.

கரையேற மற்றவர் கை வேண்டியிருக்கிற பிள்ளைகள் வேறு. அதே செட்டி குழு 2022ல், ஃபேஸ்புக்கில் 7 கோடிக்கும் மேற்பட்டவர்களின் நட்புகளை வைத்துப் பார்த்தபோது, ஏழைப் பிள்ளைகளும் வசதியான பிள்ளைகளும் நண்பர்களாக இருக்கிற ஊர்களில்தான் ஏழைப் பிள்ளைகள் அதிகம் மேலே வருகிறார்கள் என்று தெரிந்தது. என் விடுதியில் அந்த அம்மா அறை மாற்றிய பிறகு, எனக்கு வந்த இரண்டாவது அறைத்தோழி சென்னைக்காரி, டாக்டர் மகள். அமெரிக்காவில் மேற்படிப்புக்கு ஜிஆர்ஈ என்று ஒரு தேர்வு இருப்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் பழைய புத்தகத்தில்தான் படித்தேன். அவள் அம்மாவும் அறையை மாற்றியிருந்தால் நான் இன்று உங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் இருந்திருக்க மாட்டேன்.

உங்கள் பயங்களில் நியாயமானவையும் இருக்கின்றன, அதைக் கடந்து போக நான் விரும்பவில்லை. ஒரே டிஸ்ட்ரிக்ட் என்பதால் பாடப் பட்டியல் ஒன்றுதான், ஆனால் போதுமான பிள்ளைகள் பெயர் கொடுக்கவில்லை என்றால் சில ஏபி வகுப்புகள் ஒரு வருடம் நடக்காமல் போகலாம். அதை எழுத்தில் கேட்போம்: எத்தனை பேர் சேர்ந்தால் வகுப்பு நடக்கும், நடக்காவிட்டால் பக்கத்துப் பள்ளிக்கு பஸ் உண்டா, ஹைஸ்கூலிலேயே படித்துக் கல்லூரிக் கணக்கிலும் சேர்த்துக்கொள்கிற காலின் காலேஜ் டூயல் கிரெடிட் எத்தனை பாடத்துக்கு? ஒரு கவுன்சலருக்கு எத்தனை பிள்ளைகள்? இதெல்லாம் கேட்டால் இப்போது அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கும் சேர்த்து நல்லது நடக்கும். ரேட்டிங்கைக் காட்டிச் சண்டை போட்டால் டிஸ்ட்ரிக்டும் ஒரு கட்டத்துக்கு மேல் வளைந்து கொடுக்க முடியாது, பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது, பக்கத்து பிளேனோவில் 2024ல் நான்கு பள்ளிகளை மூட வாக்களித்தார்களே, பார்த்தோம்தானே. கோடு எப்படியும் நகரும். நகர்ந்த பிறகு நம் பிள்ளைகள் அந்த வகுப்பறைக்குள் நுழையும்போது, இவர்கள் அப்பா அம்மாதான் நம்மைப் பற்றி அப்படி எழுதியவர்கள் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கும், மனு பொதுப் பதிவில் போய்விடும்.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். மூன்றாவது பத்தியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் மேலே சொன்ன கேள்விகளைப் போடுங்கள், ஆங்கிலத்தில் எழுதித் தர நான் இன்றிரவே தயார். எடுத்துவிட்டால் முதல் கையெழுத்தாக என் பெயரையும் என் கணவர் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எடுக்க மாட்டோம் என்றால், போர்டு கூட்டத்தில் நான் எதிர்ப்பக்கம் நின்று பேசுவேன். உங்களில் யாருடைய பெயரையும் சொல்ல மாட்டேன், நம் உறவும் மாறக் கூடாது என்றுதான் இதை முன்கூட்டியே சொல்கிறேன்.

வருகிற வியாழக்கிழமை மாலை ஆறரைக்கு அந்தப் பள்ளியில் இசை நிகழ்ச்சி இருக்கிறது, அந்த மூன்று பிள்ளைகளும் வாசிக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் போகலாம், டிக்கெட் இல்லை. நானும் சின்னவனும் போகிறோம், பெரியவளும் வருகிறேன் என்றிருக்கிறாள். எங்கள் வேனில் இன்னும் நான்கு இடம் இருக்கிறது, மைக்கில் பேசிய தம்பிக்கு ஒரு இடம் எடுத்து வைத்திருக்கிறேன். ஆறு மணிக்குக் கிளம்புவோம்.

அன்புடன்,
உங்கள் தெருக்கோடி வீட்டு அக்கா